பட்டியலில் இல்லாத கதவு

ஒத்தப்பனைப்புதூர்க்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான். அவர்கள் சொன்னதைச் செய்கிறவர்கள். சொன்னதை மட்டும் செய்கிறவர்கள். சொன்னவர் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் அவர்களும் ஒழுங்காகச் செய்திருப்பார்கள் என்பது என் கட்சி.

ஓர் உதாரணம் போதும். அந்த ஊருக்குப் போகும் ஒரே டவுன் பஸ்ஸில் 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று எழுதியிருக்கும். ஓட்டுநரும் அதே ஊர்க்காரர்தான். பதினெட்டு வருஷம் அவரோடு ஊரில் ஒருவரும் பேசவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு எல்லோரும் போனார்கள், மொய் வைத்தார்கள், சாப்பிட்டார்கள், ரசம் நன்றாக இருக்கிறது என்று கையால் காட்டிவிட்டு வந்தார்கள். அவர் ஓய்வு பெற்ற அன்று ஊரே திரண்டு போய் ஒரே நேரத்தில் பேசியதில் மனுஷருக்கு மூன்று நாள் காது அடைத்துக்கொண்டது.

இந்த ஊரில்தான் பூவாத்தாள் இருக்கிறாள். பன்னிரண்டு வருஷம் நூல் மில்லில் சிப்ட் பார்த்து அறுபது சென்ட் மேட்டுக்காடு, அதாவது மேட்டு நிலம், வாங்கினவள். ஊரில் ஒரு பெண் பெயரில் இருக்கிற ஒரே பத்திரம் அது. அந்தக் காட்டில் பசுமைக்குடில் போட்டு வெள்ளரி வளர்ப்பது, பக்கத்தில் கொட்டகை போட்டுக் காளான் வளர்ப்பது என்று முடிவானது. செலவில் பாதியை அரசு மானியமாகத் தரும். ஆனால் முதலில் பாங்கில் கடன் வாங்கிக் கட்ட வேண்டும். அதிகாரி வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மானியம். சரியில்லை என்றால் முழுக் கடனும் பூவாத்தாள் தலையில். அதற்கு ஈடு அந்த அறுபது சென்ட்.

"காடு போயிருச்சுன்னா?" என்று கேட்டாள் பூவாத்தாள்.

"போகாது அம்மிணி" என்றார் அண்ணன் சென்னியப்பன். "காடு எங்க போகும்? அது அங்கயேதான் இருக்கும். நாமதான் போகோணும்."

அவளுக்கு இது ஆறுதலாகப் படவில்லை. அவள் புருஷன் நாச்சிமுத்துவுக்கு மட்டும் ரொம்ப ஆறுதலாக இருந்தது.

சமுதாயக்கூடத்தில் பயிற்சி நடந்தது. தோட்டக்கலை அலுவலர் தாமரைச்செல்வி மேடம் பதினெட்டு ஊரைத் தனியாளாகப் பார்க்கிறவர். நின்று பேச நேரம் கிடையாது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே மூன்று விஷயம் சொன்னார்.

"ஒண்ணு, இந்தப் பட்டியல்ல இருக்கறதை மட்டும் செய்யுங்க. ஒரு ஸ்குரூ கூடினாலும் மானியம் கிடையாது, குறைஞ்சாலும் கிடையாது. ரெண்டு, குடில் மேல போர்த்தற பிளாஸ்டிக் ஷீட்டுல ஒரு கீறல் விழக் கூடாது. மூணு, காளானுக்கு வெளிச்சம் ஆகாது. இருட்டுலயே இருக்கட்டும். சும்மா சும்மா போய்ப் பார்க்காதீங்க. சந்தேகம்னா போன் பண்ணுங்க."

பட்டியலில் இருபத்து நாலு வேலைகள் இருந்தன. பூவாத்தாள் அதை லேமினேஷன் போட்டுக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். குளிக்கும்போது மட்டும் கழற்றி நாச்சிமுத்து கழுத்தில் மாட்டுவாள்.

பாங்க் மேனேஜர் கடனை இரண்டு தவணையாகத் தருவதாகச் சொன்னார். "பாதி வேலை முடிஞ்ச உடனே நிறுத்திட்டு எனக்குச் சொல்லுங்க. நான் வந்து பார்த்தப்புறம்தான் மீதி."

இருபத்து நாலில் பாதி பன்னிரண்டு. பன்னிரண்டாவது வேலை, மேல் வளைவுக்கு நட்டு முடுக்குவது. நாச்சிமுத்து ஏணி உச்சியில் நின்று கடைசி நட்டை முடுக்கி முடித்ததும், கீழே இருந்து பூவாத்தாள் "நிறுத்துங்க!" என்று கத்தினாள். அவர் நிறுத்திவிட்டார். ஸ்பானர் பிடித்த கை அந்தரத்தில் நிற்க, ஒரு கால் ஏணியிலும் ஒரு கால் பைப்பிலுமாக அப்படியே நின்றார்.

"மாப்ளை, எறங்கி வந்து நில்லுங்க" என்றார் சென்னியப்பன்.

"எறங்கறது பதிமூணாவது வேலை ஆயிருமுங்க மச்சான்."

சென்னியப்பன் யோசித்துப் பார்த்தார். அதுவும் சரிதான். மேனேஜர் வந்து சேர மத்தியானம் மூன்று ஆகிவிட்டது. அதுவரை பூவாத்தாள் ஒரு நீளக் கழியில் சொம்பைக் கட்டி மோர் கொடுத்தாள். தன் சர்வீஸில் இப்படிக் கச்சிதமாகப் பாதியில் நின்ற வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை என்று மேனேஜர் சொன்னார். அவர் புகழ்ந்ததாகத்தான் ஊரில் பேச்சு.

வேலை மளமளவென்று நடந்தது. ஒரே ஒரு குறை. அஸ்திவாரக் குழி நாற்பது என்று பட்டியல் சொன்னது. முப்பத்தொன்பது தோண்டினார்கள். நாற்பதாவது இடத்தில் பாறை. அங்கே பைப்பைப் பாறைமேலேயே நட்டுவிட்டு, குழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷீட் போடுகிற நாள் வந்தது. சென்னியப்பன் தலையைச் சொறிந்தார்.

"அம்மிணி, கதவு எத்தனாவது?"

பூவாத்தாள் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தாள். "கதவு இல்லீங்ணா."

"நல்லாப் பாரு."

"ஸ்குரூ இருக்குது. கயிறு இருக்குது. பேர்ப்பலகை இருக்குது. பலகைக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கோணும்னுகூடப் போட்டிருக்குது. கதவு இல்லை."

"அவிங்க படிச்சவிங்க" என்றார் நாச்சிமுத்து. "கதவு இருந்தா அது வழியாப் பூச்சி வரும். அதுக்குத்தான் வேண்டாம்னு உட்டுட்டாங்க. நாமதான் யோசிக்கலை."

சிரிக்காதீர்கள். அந்தப் பட்டியலை நானும் பார்த்திருக்கிறேன். கதவு நிஜமாகவே இல்லை. எந்த ஆபீஸில் எந்தப் புண்ணியவான் தட்டச்சு செய்தாரோ, பலகைக்கு நிறம் சொன்னவர் வாசலை விட்டுவிட்டார். முட்டாள் யார் என்று அப்புறம் முடிவு செய்யலாம்.

எதற்கும் கேட்டுவிடுவோம் என்று மேடத்துக்குப் போன் போட்டார்கள். மேடம் வேறோர் ஊர்க் கூட்டத்தில் இருந்தார்.

"மேடம், பட்டியல்ல இல்லாத ஒண்ண வெச்சுக்கலாமுங்களா?"

"வைக்கவே கூடாது!"

போன் வைக்கப்பட்டது. என்ன வைக்கப் போகிறீர்கள் என்று மேடம் கேட்கவில்லை. கேட்காததை இவர்கள் சொல்லவில்லை.

இருபத்தொன்றாவது வேலை, ஷீட்டை நாலு பக்கமும் இழுத்து உட்புறமிருந்து கிளிப் அடிப்பது. அப்படியே செய்தார்கள். கடைசி கிளிப்பை நாச்சிமுத்து அடித்தார். சென்னியப்பன் தட்டிப் பார்த்தார். எறும்பு நுழைய இடமில்லை.

"அம்மிணி!" உள்ளிருந்து குரல் வந்தது. "வேலை முடிஞ்சுது. ஒரே ஒரு கேள்வி. நாங்க உள்ள இருக்கோமா, இல்ல நீ உள்ள இருக்கியா?"

"நான் வெளிய இருக்கறனுங்ணா. எனக்குக் காத்து வருது."

"எங்களுக்கு வரலை. அப்ப நாங்கதான் உள்ள."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஷீட்டுக்குப் பின்னால் இரண்டு உருவங்கள் மங்கலாக வேர்த்துக்கொண்டிருந்தன.

"ஷீட்டை அறுத்துரலாமுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"கீறல் விழுந்தா மானியம் போயிரும்!" என்று அலறினாள் பூவாத்தாள்.

"ஒரு நாலு கிளிப்பைக் கழட்டுனா?"

"கிளிப்புல நாலு குறையும் மாப்ளை. ஒரு ஸ்குரூ குறைஞ்சாலே கிடையாதுன்னுட்டாங்க" என்றார் சென்னியப்பன். "நாம இங்கயே இருந்துக்கலாம். வெள்ளரி காய்க்கறதுக்கு நாப்பது நாளுதான். அப்புறம் சாப்பாட்டுக்கும் பிரச்சினை இல்லை."

பூவாத்தாள் பட்டியலைப் படித்தபடி குடிலை மூன்று சுற்றுச் சுற்றினாள். மூன்றாவது சுற்றில் நின்றாள்.

"அண்ணா! குழி எத்தனை தோண்டுனோம்?"

"முப்பத்தொம்பது."

"பட்டியல்ல நாப்பது. ஒரு குழி பாக்கி இருக்குது! ஆழம் மூணடின்னு போட்டிருக்குது. அகலம் ரெண்டடின்னு போட்டிருக்குது. நீளம் போடலை."

இப்படியாக நாற்பதாவது அஸ்திவாரக் குழி, பாறைக்கு இந்தப் பக்கம் தொடங்கி, ஷீட்டுக்கு அடியில் புகுந்து, குடிலுக்கு நடுவில் போய் முடிந்தது. அவள் வெளியிலிருந்து கடப்பாரையால் தோண்ட, அவர்கள் உள்ளிருந்து கைக்கு அகப்பட்டதால் தோண்ட, இரண்டு மணி நேரத்தில் இரண்டு ஆண்களும் வெந்த உருளைக்கிழங்கு மாதிரி வெளியே வந்து விழுந்தார்கள்.

"நல்ல வழி" என்றார் நாச்சிமுத்து, மண்ணைத் துப்பிவிட்டு. "பூச்சிக்கு இது தெரியவே தெரியாது."

அடுத்தது காளான். வெளிச்சம் ஆகாது, பார்க்கக் கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். கொட்டகையை இருட்டாக்கிவிட்டார்கள். பார்க்காமல் இருப்பது எப்படி என்பதில்தான் விவாதம்.

"கொட்டகைக்குள்ள போனா கண்ணு தானாப் பாத்துருமே" என்றாள் பூவாத்தாள்.

"கண்ண மூடிக்கலாம்."

"இருட்டுலதான் ஒண்ணும் தெரியாதே, எதுக்கு மூடோணும்?"

"தெரியாட்டியும் பாக்கறது பாக்கறதுதான அம்மிணி?" என்றார் சென்னியப்பன். பூவாத்தாள் உடனே கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆகவே வைக்கோலை வேக வைத்து ஆற்றியது, பிளாஸ்டிக் பையில் ஒரு அடுக்கு வைக்கோல் ஒரு அடுக்கு காளான் வித்து என்று நிரப்பியது, உறியில் தொங்கவிட்டது எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே நடந்தது. அன்றைக்கு நாச்சிமுத்துவின் தலைத்துண்டு காணாமல் போனது. இருபது நாள் கழித்து, கண்ணை மூடியபடி தடவிப் பார்த்தபோது, ஒரு பையிலிருந்து கொத்துக் கொத்தாகக் காளானோடு துண்டும் வெளியே எட்டிக்கொண்டிருந்தது. துண்டில்தான் விளைச்சல் அதிகம். அடுத்த தடவை வேட்டியையும் போடலாமா என்று அவர் கேட்டார்.

மேடத்தின் ஆபீஸிலிருந்து காளான் கொட்டகைக்கு உள்ளே படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். பூவாத்தாள் வெளிச்சம் போடாமல் எடுத்து அனுப்பினாள். படம் தெளிவாக இல்லை, மறுபடி எடுக்கவும் என்று பதில் வந்தது.

"எங்கயோ வெளிச்சம் கசிஞ்சிருக்குது" என்றார் சென்னியப்பன். கூரை இடுக்கில் சாக்கு அடைத்து, செல்போன் மேல் ஒரு கம்பளியும் போர்த்தி மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை இருட்டு மிகத் தெளிவாக விழுந்திருந்தது. அதற்குப் பதில் வரவில்லை. நேரில் தணிக்கை என்று கடிதம் வந்தது.

கடிதம் வந்த அன்று பூவாத்தாள் சாப்பிடவில்லை. "வர்ற அதிகாரி சரியில்லைன்னு எழுதிட்டாருன்னா, மறுபடி மில்லுக்குத்தான் போகோணும்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை தணிக்கை அதிகாரி குணசீலன் வந்தார். மூக்குக்கண்ணாடி, அளவு டேப், சிரிப்பே இல்லாத முகம். கொட்டகை வாசலில் அவரை நிறுத்திப் பூவாத்தாள் பணிவாகச் சொன்னாள்: "சார், கண்ண மூடிக்கோங்க."

"எதுக்கும்மா?"

"உங்க மேடம்தானுங்க சொன்னாங்க."

துறை சொன்னதை மீறிப் பழக்கமில்லாதவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தார். தடவித் தடவி எண்ணினார். "முப்பத்தி நாலு... முப்பத்தஞ்சு... அட, இந்தக் காளான் நல்லாப் பெரிசா வந்திருக்கே. வெதுவெதுன்னு இருக்கு."

"அது என்ற காதுங்க சார்" என்றார் நாச்சிமுத்து.

குணசீலன் வெளியே வந்து குறிப்பேட்டில் ஒன்றைக் குறைத்து எழுதிக்கொண்டார். பிறகு குடில். சுற்றி அளந்தார். இன்னொரு முறை சுற்றினார்.

"கதவு எங்கம்மா?"

"வழி இங்க இருக்குதுங்க சார்." பூவாத்தாள் குழியைக் காட்டினாள்.

குழியின் நீளத்துக்கு அவர் ஊர்ந்து போனதை நான் விவரிக்கப் போவதில்லை. அவருக்கும் மரியாதை இருக்கிறது. பைல் முதலில் போனது, பின்னால் அவர் போனார். உள்ளே ஸ்குரூ எண்ணினார், கிளிப் எண்ணினார், குழி எண்ணினார். எல்லாம் பட்டியலில் உள்ளபடி, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. வெளியே வந்து மண்ணைத் தட்டிக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் சரி. கதவு ஏன் வைக்கல?"

பூவாத்தாள் கழுத்திலிருந்து பட்டியலைக் கழற்றி நீட்டினாள். "கதவு இதுல எங்க இருக்குதுன்னு காட்டுங்க சார்."

அவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். பட்டியலைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"கதவுன்னு தனியா எழுதணுமாம்மா? அது தானாப் புரிஞ்சுக்கறதுதானே?"

"ஏனுங்க சார், ஸ்குரூ எத்தனைன்னு எழுதுனீங்க. பலகைக்கு என்ன பெயிண்ட்டுன்னு எழுதுனீங்க. அதையெல்லாம் நாங்களாப் புரிஞ்சுக்க மாட்டம்னுதான எழுதுனீங்க? கதவு மட்டும் நாங்களாப் புரிஞ்சுக்கோணுமா? நாளைக்கு நானாப் புரிஞ்சுட்டு வெச்சிருந்தா, பட்டியல்ல இல்லாததை எதுக்கு வெச்சேன்னு நீங்களே கேப்பீங்க. என்ற காடு போயிருக்கும். போயிருக்குமா இல்லீங்களா?"

குணசீலன் நேர்மையானவர். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "போயிருக்கும்" என்றார்.

பச்சைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த வட்டாரத்தில் பட்டியலை மீறாமல் கட்டப்பட்ட ஒரே குடில் என்று எழுதினார். மற்ற பதினேழு ஊரிலும் கதவு வைத்தவர்களுக்கு, எதற்காகக் கதவு வைத்தீர்கள் என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது.

பூவாத்தாள் அன்று இரண்டு வேளைச் சாப்பாட்டைச் சேர்த்துச் சாப்பிட்டாள். மறுவாரம் மானிய ஆணை வந்தது. அவள் சத்தமாகப் படித்தாள். கடைசி வரியில் குரல் இறங்கிவிட்டது.

'இந்த ஆணையின் நகலைக் குடிலின் கதவில் ஒட்டி, கதவும் நகலும் தெரியும்படி படம் எடுத்து ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் மானியம் ரத்தாகும்.'

"கதவு வெச்சா மானியம் இல்லை" என்று விரல் விட்டு எண்ணினார் சென்னியப்பன். "கதவு இல்லாட்டியும் மானியம் இல்லை. ஆகமொத்தம்..." இரண்டு விரலையும் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார்.

மேடத்துக்குப் போன் போட்டார்கள். அவர் பதினேழு ஊர் நோட்டீஸுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை.

ஆறு நாள் போனது. பூவாத்தாள் காட்டு வரப்பில் உட்கார்ந்து ஒரு மண்ணாங்கட்டியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு வருஷச் சிப்ட் அந்தக் கட்டியில் இருந்தது. நாச்சிமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கூட ஒரு மண்ணாங்கட்டி எடுத்துக் கொடுத்தார்.

ஏழாம் நாள் காலையில் அவள் துள்ளி எழுந்தாள்.

"அண்ணா! குடில்ல கதவு வெக்கறதுக்குத்தான பட்டியல்ல இடமில்லை? காட்டுல வெக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே!"

"குடிலோட கதவுன்னு போட்டிருக்குதே அம்மிணி?"

"குடிலுக்குப் போற வழியில நின்னா அது குடிலோட கதவுதான்."

சென்னியப்பன் கண் கலங்கிவிட்டார். தன் தங்கைக்கு இவ்வளவு மூளை எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. புதுக் கதவு வாங்க நேரமில்லை. மூவரும் ஓடிப் போய்ப் பூவாத்தாள் வீட்டுத் தலைவாசல் கதவை நிலைச்சட்டத்தோடு பெயர்த்துத் தூக்கி வந்தார்கள். குழி வாய்க்கு எதிரில் வெட்டவெளியில் நட்டார்கள். அக்கம்பக்கம் சுவரோ வேலியோ கிடையாது. நகலை ஒட்டினார்கள். படம் எடுத்தார்கள், இந்தத் தடவை வெளிச்சத்தில். மத்தியானமே அனுப்பியாயிற்று. மூன்றாம் நாள் மானியம் பாங்குக்கு வந்துவிட்டது. காடு பிழைத்தது.

ஒரு மாதம் கழித்து, குடில் எப்படி நடக்கிறது என்று பார்க்க குணசீலன் மறுபடி வந்தார். காட்டுக்கு நடுவில் தனியாக நின்ற கதவுக்கு முன்னால் மூவரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. வெள்ளரிக்குத் தண்ணீர் விடுகிற நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

"ஏன் நிக்கறீங்க?"

"சாவி தொலைஞ்சு போச்சுங்க சார். பூட்டுத் திறக்கற ஆளுக்குச் சொல்லி அனுப்பிச்சிருக்குது."

குணசீலன் கதவின் இடது பக்கம் பார்த்தார். வெட்டவெளி. வலது பக்கம் பார்த்தார். அதுவும் வெட்டவெளி. கதவில் மானிய ஆணையின் நகல் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். துறை ஒப்புக்கொண்ட கதவு. நாச்சிமுத்துவுக்குப் பின்னால் நாலாவதாகப் போய் நின்றார்.

வெயில் உச்சிக்கு வந்தது. ரொம்ப நேரமாக மனசில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கடைசியில் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, இது உங்க வீட்டுக் கதவுன்னு ஊருக்குள்ள சொன்னாங்க. அப்ப வீடு திறந்தா கிடக்குது? திருடன் வந்துட்டா?"

பூவாத்தாள் அவரைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

"வீடு எப்படிங்க சார் திறந்து கிடக்கும்? பூட்டித்தான் இருக்குது. பாருங்க, பூட்டு இங்கதான தொங்குது!"